பூட்டு சாரும் ‘இங்கே பார்க்காதே’யும்

எங்கள் பூட்டு சார் கடவுளை நம்பினார். பொம்மிடி ரயில் நேரத்துக்கு வரும் என்றுகூட நம்பினார். மனிதனின் ஞாபகத்தை மட்டும் ஒரு நாளும் நம்பியதில்லை.

அதியமான்கோட்டையில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மாம்பழக்கூழ் ஆலைகளின் எடைமேடைக்கு புரோகிராம் எழுதுவோம். லாரியின் எடையைப் படிப்பது ஒரு வேலை, சீட்டு அடிப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும். இரண்டும் ஒரே எடையில் கை வைத்தால் குழப்பம்தான். அதனால் ஒன்று தொடும்போது பூட்டுப் போட்டு மற்றதைக் காக்க வைக்க வேண்டும். எதற்கு எந்தப் பூட்டு என்பது எழுதியவர் மண்டைக்குள் இருக்கும். அவர் பெங்களூருக்குப் போனால் மண்டையும் கூடவே போய்விடும்.

இதை ஒழிக்கவே பூட்டு சார் பிறவி எடுத்திருந்தார். கோடிங்கில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இந்தப் பூட்டைப் போட்டவன்தான் இதைத் தொடலாம்’ என்று குறிப்பு எழுதுவார். புரோகிராமை ஓட்டாமலே அந்தக் குறிப்புகளைப் படித்துச் சரிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. பூட்டில்லாமல் யார் தொட்டிருந்தாலும் திரையில் சிவப்பாகக் கத்தும்.

மனிதர் அதோடு விட்டாரா? ஆபீஸ் ஸ்கூட்டர் மேல் ‘ஹெல்மெட் கையில் இருப்பவரே தொடலாம்’ என்று ஒட்டிவிட்டார். ஒரு நாள் எங்களோடு வேலை பார்த்த மஞ்சு, மறதியாக ஹெல்மெட்டோடு பஸ்ஸேறி பொம்மிடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவளுக்கு லீவு. முதலாளி ஸ்கூட்டர் பக்கத்தில் வெயிலில் நின்று பல்லைக் கடித்தார்.

“ரூல் சரியாத்தாங்க வேலை செய்யுது. ஹெல்மெட்டுதான் ஊர்ல இல்லீங்க” என்றார் பூட்டு சார்.

ஒரு கல்யாணப் பந்தியில் என் இலைக்கு சாம்பாரும் ரசமும் ஒரே நேரத்தில் வந்தன. “நிறுத்துங்க! அவரு ஊத்தி முடிக்கட்டும், அப்பறம் நீங்க வாங்க” என்று பக்கத்து இலையிலிருந்த பூட்டு சார் ரசத்துக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கடைசிவரை ரசமே வரவில்லை.

ஒரு மாம்பழ சீசனில் வந்தது வினை. ஒரு விவசாயியின் லாரி எடை அடுத்த லாரியின் சீட்டில் அச்சாகிவிட்டது. ஆலைக்காரர்கள் போனில் கத்தினார்கள். கடைசியாக அந்த புரோகிராமில் கை வைத்தவள் மஞ்சு. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

“ஏம்மா, தப்பு உன்னுதுதானே? நாளையிலேர்ந்து வராத” என்றார் முதலாளி.

“இருங்க. ஆளை அப்பறம் பாக்கலாம், மொதல்ல கோடிங்கைப் பாப்போம்” என்று உட்கார்ந்தார் பூட்டு சார்.

மஞ்சு எழுதியதில் குறிப்பில்லாத இடமெல்லாம் குறிப்பு எழுதிக் கருவியை ஓட்டினார். அது வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதிலும் அப்படியே. தப்பு நடந்தும் அது கத்தவில்லை என்றால், எங்கோ அதன் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ‘இங்கே பார்க்காதே’ என்றும் கருவிக்கு ஒரு குறிப்பு எழுதலாம். சோம்பேறிகளுக்கென்றே வைத்த வசதி அது. முன்பெல்லாம் அதை எழுதியவர்களை அவர் திட்டிய திட்டு கீழே டயர் கடை வரை கேட்டிருக்கிறது.

தேடினார். மொத்த புரோகிராமிலும் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. சீட்டு அடிக்கும் பகுதி, அவரே எழுதியது. அவசரத்துக்கு வைத்துவிட்டு, அப்புறம் எடுக்கலாம் என்று விட்டு, மறந்தே போயிருக்கிறார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. முதலாளிக்குக் கோடிங்கில் ஓர் எழுத்தும் புரியாது. பூட்டு சார் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுக் கருவியை ஓட்டினார். திரை சிவந்தது. அதை அப்படியே முதலாளி பக்கம் திருப்பினார்.

“மஞ்சு இல்லீங்க. நானுங்க.”

“அப்போ உங்களைத்தான் சார் அனுப்பணும்!”

“அனுப்புங்க. இந்தப் பூட்டைப் போட்டுட்டுப் போயிடறேன்” என்று தட்டச்சைத் தொடர்ந்தார்.

முதலாளி யாரையும் அனுப்பவில்லை. மஞ்சுவுக்குக் கண் கலங்கியது. “அழுவறதுன்னா அப்பறம் அழுவுங்க. மொதல்ல அந்த விவசாயிக்குச் சரியான சீட்டை அடிச்சுக் குடுங்க” என்றார் பூட்டு சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரளவுக்கு என் உயிரை வாங்கியவர் யாருமில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது இருந்த தைரியம் எனக்கு அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் வரவில்லை.