கோபேக்குப் போன காக்கிக் கோட்டு

காக்கியைத் தவிர வேறு துணியைக் கடவுள் படைக்கவே இல்லை என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் நம்பினார். அவர் ராஜபாளையம் பஜாரில் தையல் மிஷின் போட்டிருந்த பஸ்ரா டெய்லர். சொந்தப் பெயர் என்னவோ, ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்தாலும் காக்கி, நாலு பை. தொட்டில் பிள்ளைக்குத் தைத்தாலும் காக்கி, நாலு பை.

"பச்சப்பிள்ள பையில என்னத்தய்யா வைக்கும்?" என்று கேட்டால், "வளந்த பொறவு வைக்கும்" என்பார்.

முதல் உலகச் சண்டையில் பட்டாளத்துக்குத் துணி தைக்க அரபு தேசத்து பஸ்ரா பட்டணம் வரை போய்வந்தவர் என்பது அவர் சொன்ன கதை. அதனால் நம் ஊர் வெயில் அவருக்கு வெயில் இல்லை, தூசி தூசி இல்லை. எல்லாவற்றுக்கும் பஸ்ராவில் ஒரு மூத்த அண்ணன் இருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடி டெய்லர் என்று இன்னொருவர் இருந்தார். கோர்ட்டு வக்கீல்களுக்குத் தைப்பவர். ஆள் உயரக் கண்ணாடி வைத்திருந்தார். அவருக்கு பஸ்ரா பேரைக் கேட்டாலே இளக்காரம். "பஸ்ராவா? பம்பாய்ல கப்பலப் பாத்துட்டு அப்படியே திரும்பின ஆளு அவரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் போய் மாட்டினேன். நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டை உடைத்தவன். பஞ்சுப் பொதி சுமந்து, கமிஷனுக்கு வாங்கி விற்று, முப்பது வயதில் சொந்தமாக, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி போட்டவன். எங்கள் தெருவில் கொழும்பு போனவர்கள் உண்டு, ரங்கூன் போனவர்கள் உண்டு. விசைத்தறி பார்க்க ஜப்பானுக்கே போனவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் சொல்ல வேறு ஆள் கிடையாது.

கோபே பட்டணத்தில் இருந்த நம் பக்கத்து ஏஜெண்டு கடிதம் போட்டிருந்தார். பங்குனியில் வாருங்கள், இங்கே அப்போது வசந்த காலம், குளிர் போயும் போகாமலும் இருக்கும், வெயிலும் வரும், மழையும் வரும், பார்த்து உடுப்பு எடுத்து வரவும் என்று எழுதியிருந்தார்.

முதலில் கண்ணாடி டெய்லரிடம்தான் போனேன். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி டேப்பைச் சுற்றியவர், "மொதலாளிக்கு வயிறு எடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். நாலு வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பி நேராக பஸ்ராவிடம் போய்விட்டேன்.

பஸ்ரா கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"காலையில மார்கழி, மத்தியானம் சித்திரை. இது பஸ்ரா மாதிரியேதான் மொதலாளி. ஒரே கோட்டுல ரெண்டையும் சமாளிச்சிரலாம்."

"மழைன்னு போட்டிருக்கே வே?"

"மழைக்குக் குடை இருக்கு. அதுக்கு டெய்லர் எதுக்கு?"

பத்து நாளில் கோட்டு வந்தது. காக்கிதான். உள்ளே என் பாக்டரிப் பஞ்சையே இரண்டு விரல் தடிமனுக்குத் திணித்து, கட்டம் கட்டமாகத் தைத்திருந்தார். இரண்டு கைகளும் தோளில் பொத்தான் போட்டு மாட்டியிருந்தன. மத்தியானம் வெயில் வந்தால் கையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாமாம். அதற்காகவே மொத்தம் ஆறு பை.

என் வீட்டுக்காரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "மெத்தை சரி. தலகாணி எப்பத் தைச்சு வரும்?" என்றாள்.

பஸ்ரா அசையவில்லை. பரீட்சை வைத்துவிடலாம் என்றார். விடிகாலையில் என்னை வத்திராயிருப்புக்கு மேலே மலையடிவார ஓடையில் இறக்கி, கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்தார். பல் தந்தியடித்தது. கரையேறித் துவட்டியதும் கோட்டை மாட்டிவிட்டார்.

"குளிருதா?"

"வேர்க்குது."

"அம்புட்டுதான். ஜெயிச்சாச்சு."

அன்றைக்கு நான் நனைந்தேன், கோட்டு நனையவில்லை. அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெட்டி கட்டுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். எட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தேன். நாலைத் தூக்கி வெளியே போட்டார். "ரெண்டு கட்டிக்க, ரெண்டு களுத்துல சுத்திக்க, போதும்." ஒவ்வொரு துணியிலும் சீட்டு எழுதிக் குத்தினார். 'குளிருக்கு', 'குளிர் போனால்', 'பெரிய மனுஷனைப் பார்க்க' என்று. சீமைப் பூச்சிக்கு வேப்பிலையும் வற்றல் மிளகாயும் தூவினார். கடைசியில் பெட்டியைப் பூட்டி, பாக்டரியில் அடுக்கியிருந்த பொதிகளின் உச்சியில் ஏறி நின்று கீழே எறிந்தார். பூட்டு தெறித்துப் போயிற்று.

"கப்பல்ல இப்பிடித்தான் எறிவான். இங்கயே ஒடைஞ்சது நல்லதாப் போச்சு" என்றார்.

சேதி ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. "மெத்தையக் கட்டிக்கிட்டு கப்பல் ஏறப்போறாராம்ல? அந்தக் கோட்டு தோத்து வரட்டும், பஸ்ரா என் கடையில காஜா எடுக்க வரலாம்" என்று கண்ணாடி டெய்லர் சொல்லியனுப்பினார். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது கடையில் சேர்ந்த முதல் வருஷத்து வேலை. ஐம்பது வயது பஸ்ராவுக்கு அது பொறுக்கவில்லை.

"கோட்டு அங்க நின்னா நான் பஸ்ரா. நிக்கலைன்னா போர்டை எறக்கிட்டு அவன் கடைக்கே போயிருதேன்" என்று பஜார் கேட்கச் சொல்லிவிட்டார்.

கோபேயில் ஏஜெண்டு என்னை நேராக மில்லுக்கு அழைத்துப் போனார். பாதி வழியில் மழை. குடை பிடித்தேன், அந்த ஊர்க் காற்று குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பஞ்சுக்கு என்ன தெரியும்? குடித்தது. மில் வாசல் போய்ச் சேரும்போது இரண்டு பொதியைச் சுமந்த பழைய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. மேனேஜர் எதிரே வந்து கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அவர் குலுக்கினார். ஈரக் கனத்தில் பொத்தான்கள் பட்பட்டென்று தெறித்து, கோட்டின் வலது கை முழுசாகக் கழன்று அவர் கையோடு போய்விட்டது.

அந்த மனுஷர் சிரிக்கவில்லை. இரண்டு கையிலும் அதை ஏந்தி, இடுப்பு வரை குனிந்து என்னிடம் நீட்டினார். நானும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றுவது போல இருந்தது. அன்று சாயங்காலமே கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். தங்கியிருந்த விடுதிக்காரம்மா பஸ்ராவின் கோட்டைக் கரி அடுப்புக்கு மேலே மூன்று நாள் காயப்போட்டு, கழன்ற கையை வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது வைகாசி. விருதுநகரில் ரயில் மாறி, மெல்லிய ஜிப்பாவில் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஜன்னல் பக்கம் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கண்ணாடி டெய்லர்.

"ராசபாளையத்துக்குத்தான் வாரேன் மொதலாளி. கோட்டு எப்பிடின்னு எல்லாரும் கேக்கணும்ல?"

"அங்க வந்து சொல்லுதேன்" என்றேன். அவர் அடுத்த பெட்டியில் ஏறினார்.

ரயில் நகர்ந்ததும் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

உச்சி வெயிலில், ராஜபாளையம் பிளாட்பாரத்தில், கழுத்து வரை பொத்தான் போட்ட பஞ்சுக் கோட்டோடு இறங்கினேன். பஜாரே வந்திருந்தது. பஸ்ரா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். கழுத்தில் டேப் இல்லை.

"டெய்லர், முன்னால வாரும்" என்று கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கச் சொன்னேன். "பெரிய மில் மேனேஜரு ஒருத்தரு இந்தக் கோட்டுக் கையப் பிடிச்சாரு பாத்துக்கோங்க. விடவே இல்ல."

கண்ணாடி டெய்லர் என் நெற்றியைப் பார்த்தார். "வேர்க்கலையா மொதலாளி?"

"ரெண்டு மாசமாப் போட்டுப் பழகிருச்சு. இது இல்லாம இருக்க முடியல." என் கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. அவர் அடுத்த ரயில் எப்போது என்று விசாரிக்கப் போய்விட்டார்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது பஸ்ரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெருமையாகக் கோட்டைத் தடவிக்கொண்டே வந்த விரல் வலது தோளில் நின்றது.

"இது என் தையல் இல்லியே."

நான் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மழையா?"

"மழைதான்."

அந்த வெள்ளை நூலை நகத்தால் நெருடினார். பிறகு, "குடை வேணும்னு அப்பவே சொன்னேன்ல" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குரல் இறங்கி, "கழட்டுங்க மொதலாளி. செத்துப் போயிராதீக" என்று ஒவ்வொரு பொத்தானாக அவரே கழற்றினார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் போர்டு பஜாரில் தொங்கியது. என் உடம்பில் காக்கியைத் தவிர வேறு ஏறவில்லை. அவர் பஸ்ராவுக்குப் போனாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. யாராவது என்னிடம் கேட்டால், போனார், எனக்குத் தெரியும் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.