ஆர்டருக்கு முன்னால் ஒரு சொல்

லிஃப்ட் நின்றுபோனது மேனேஜருக்குப் பெரிய கவலையாக இல்லை. அதற்கு அறிவிப்பு எழுத வேண்டியிருந்ததுதான் கவலை.

எட்டு மாடிக் குடியிருப்பு அது. பல மொழிக்காரர்கள் இருந்ததால், எந்த அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சங்கத் தலைவரின் உத்தரவு. மேனேஜர் மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு, வெள்ளை அட்டையில் 'லிஃப்ட்' என்று எழுதினார். கொஞ்சம் இடம் விட்டு 'ஆர்டர்' என்று எழுதினார். இதற்கு முன்பு மாட்டிய அட்டையில் அந்த இரண்டு சொற்களும் இருந்தது நினைவிருந்தது. நடுவில் ஏதோ ஒரு பொடிச் சொல் இருந்தது. அதுதான் பிடிபடவில்லை.

மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவன் மூன்று மாதம் ஆங்கில வகுப்புக்குப் போனவன்.

"மாப்ளே, ஆர்டருக்கு முன்னாடி என்ன வரும்?"

"இன் போடுங்க மாமா. வேலை நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம்."

'லிஃப்ட் இன் ஆர்டர்' என்ற அட்டை தொங்கியது.

சிறிது நேரத்தில் ஆறாவது மாடி டீச்சரம்மா நான்கு பைகளுடன் மேனேஜரின் அறைக்கு வந்தார். லிஃப்டுக்குள் ஏறி, பொத்தானை அழுத்தி, அது கிளம்பும் கிளம்பும் என்று நின்று பார்த்திருக்கிறார்.

"இன் ஆர்டர்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். தெரியாட்டி எழுதாதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க."

தெரிந்தவனிடம் கேட்டுத்தான் எழுதினேன் என்று மேனேஜர் குனிந்த தலையோடு முணுமுணுத்தார். டீச்சரம்மா நிறுத்துகிற மாதிரியும் தெரியவில்லை. அவர் பைகளோடு படியேறிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் மேனேஜர் தலை நிமிர்ந்தார்.

"அப்ப ஆன் போடுங்க மாமா," என்றான் மச்சினன் போனில், கொஞ்சமும் கலங்காமல். "உள்ள இல்லைன்னா மேலதான்."

'லிஃப்ட் ஆன் ஆர்டர்' அட்டைக்கு முன்னால் மதியத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. புது லிஃப்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். தரைத்தளத்துக்காரர், தனக்கு லிஃப்டே வேண்டாம் என்றார். ஏழாம் மாடித் தம்பதிக்குள், கண்ணாடி வைத்த லிஃப்டா வைக்காததா என்று பேச்சு முற்றி, இருவரும் தனித்தனியாகப் படியேறினார்கள்.

"கழட்டிடுங்க மாமா. பை போடுங்க. கௌரவமா இருக்கும்."

'லிஃப்ட் பை ஆர்டர்'. இதைச் சங்கத் தலைவரே வந்து படித்தார். மூட்டுவலிக்காரர், வீடு எட்டாவது மாடியில்.

"உத்தரவுப்படின்னு போட்டிருக்கே. யாரோட உத்தரவு?"

"என் மச்சினனோடது சார்."

தலைவர் அட்டையை இன்னொரு முறை படித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த அட்டை சரியா இருக்கணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினார்.

வேலை போனால், அதோடு கொடுத்த வீடும் போகும். மேனேஜர் ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்க டீச்சரம்மாவின் அழைப்பு மணியை அழுத்தினார்.

"அவுட் ஆஃப்," என்றார் அவர், கதவை முழுதாகத் திறக்காமலே.

"ரெண்டு சொல்லாம்மா?"

"ரெண்டுதான்."

ஒரு சொல்லைத் தேடி அலைந்தவனுக்கு இரண்டு சொல் எப்படிக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். 'லிஃப்ட் அவுட் ஆஃப் ஆர்டர்' என்று பெரிதாக எழுதி மாட்டினார். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், படியேறினார்கள். அந்த ஒழுங்கை மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

சாயங்காலம் தலைவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அட்டையைப் படித்துத் தலையசைத்தார்.

"இப்பதான் சரியா இருக்கு. மெக்கானிக் எங்கய்யா? ஸ்பீக்கர்ல போடு, நான் பேசறேன்."

மேனேஜர் போட்டார்.

"ஏம்ப்பா, காலையில சொன்ன வேலை. இன்னும் வரலையே?"

"காலையிலயே மொட்டை மாடி மோட்டார் ரூம்ல சரி பண்ணி, அதே லிஃப்ட்லதான் சார் இறங்கி வந்தேன். சொல்லிட்டுப் போலாம்னு பார்த்தா, மேனேஜர் சார் ஒரு டீச்சரம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு இருந்தாரு. வெளிய 'இன் ஆர்டர்'னு கரெக்டா போர்டும் தொங்குச்சு, சரி தெரிஞ்சிருக்குன்னு கிளம்பிட்டேன்."