நெய்யில்லாத நெய்ச்சோறு

"மம்மி, கொழுப்பே இல்லாம உங்களால விருந்து சமைக்க முடியுமா?"

ஷர்மைன் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டொரத்தி அப்போது நெய்யை உருக்கிக்கொண்டிருந்தாள். சட்டியில் அது பொன்னிறமாகப் பரவியபோது, தங்கள் ஊரான குளுவாங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் காலை வெயில் இறங்குவது போல அவளுக்குத் தோன்றியது. அந்த வெயிலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தும் போய்விட்டாள். மகள் மறுபடியும் கேட்ட பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பி வந்தாள்.

"எதுக்கு?"

"ஷானோட அப்பாவுக்கு பைபாஸ் ஆச்சுல்ல? நெய்யி, எண்ணெய், தேங்காய்ப்பால் ஒண்ணும் ஆகாதாம். நிச்சயத்துக்கு வந்துட்டு அங்கிள் மட்டும் ரொட்டியக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். மாப்பிள்ளையாகப் போகும் ஷானின் அப்பா மரியநாதன் தங்காக் நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். கடைக்குள் அவர் பேசினால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார். டொரத்திக்கோ நாலு பேர் முன்னால் வாய் எழாது. கோயிலில் பூசை முடிந்து யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், அவள் பதிலைத் தேடி எடுப்பதற்குள் கேட்டவர் காரில் ஏறிப் போயிருப்பார். சம்பந்தி வீட்டாரிடம் அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சமைத்த சோறுதான் சொல்லியாக வேண்டும்.

"முடியும்" என்றாள்.

"நெசமாவா?"

"உங்க டாடி இருக்காருல்ல? அவரு சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொன்னா போதும்."

ரொனால்ட் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். கல்யாணமானதிலிருந்து டொரத்தியின் சமையலுக்கு அவர் நாக்கு சொல்வதுதான் தீர்ப்பு. இந்த முறை என்ன சேர்த்தாள், எதை விட்டாள் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். சொன்னால் நாக்குக்கு முன்னால் மனசு ருசி பார்த்துவிடும்.

ஷர்மைன் சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிய மறுநாள், டொரத்தி கோழிக்கறியில் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றினாள். பால் திரிந்தது. அதை மறைக்கச் சோளமாவைக் கரைத்து ஊற்றினாள். திரிந்தது மறைந்து, கறி பசையானது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். மழையில் நனைந்த காகிதம் போல இருந்தது.

சாயங்காலம் ரொனால்ட் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு என்னம்மா?"

"தேங்காய்ப்பால் ஊத்துன கோழிக்கறி." பொய் சொல்லும்போது அவள் குரல் இன்னும் சின்னதாகியது.

அவர் ஒரு வாய் வைத்தார். கண்களை மூடினார்.

"அலமாக்! என்னா தேங்காய்ப்பாலு! முதப் பாலுதானே இது? பின்னாடியே சோம்பு மெதுவா வருது பாரு, வெக்கப்பட்டுக்கிட்டு வர்ற மாதிரி."

டொரத்தி அசந்துபோனாள்.

"கொஞ்சம் கொழகொழன்னு இருக்கோ?"

"இருக்கு. அதுவும் ஒரு அழகுதான் லா."

அவர் கை கழுவப் போனதும் அவள் சட்டியிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்து நக்கினாள். தேங்காயும் வரவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு சோம்பும் வரவில்லை. குளியலறைக் கண்ணாடி முன் போய் நாக்கை நீட்டிப் பார்த்தாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டது போல நாக்குக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளும் வயது வந்துவிட்டதோ என்று நினைத்தாள். கெட்டுப்போனது தன் நாக்குதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து நெய். ஷான் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி வாங்கி அனுப்பினான். சிக்கரி வேரிலிருந்து எடுத்த நார்ப்பொடியாம். போனில் விளக்கினான்.

"தண்ணியில கொழைச்சா நெய்யி மாதிரியே வழுவழுன்னு ஆயிடும் ஆண்ட்டி. கொழுப்பு இல்ல, வயித்துக்கும் நல்லது. ஆனா பாத்து, கொஞ்சமாத்தான் போடணும்."

அவன் பேசப் பேச டொரத்தி கிண்ணத்தில் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முன் மலை மேல் இறங்கும் மேகம் போல அது புரண்டு புரண்டு திரண்டது. "வயித்துக்கும் நல்லது" வரைக்கும் அவள் கூட இருந்தாள். அதற்குப் பிறகு மேகத்தோடு போய்விட்டாள். நெய் எவ்வளவு ஊற்றுவாளோ அவ்வளவு பொடியைப் போட்டாள்.

அன்று ரொனால்ட் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூவினார். "காலையில நெய்ச்சோறுன்னு சொன்னேல்ல? தெரு முனையிலேயே நெய் வாசம் என் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்துருச்சி!"

டொரத்தி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரு சொட்டு நெய் இல்லை. வேரை அரைத்துத் தெரு முனை வரைக்கும் நெய் மணக்க வைத்திருக்கிறார்கள், விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று வியந்தாள்.

அவர் மூன்று தட்டு சாப்பிட்டார்.

"சாப்பிட்ட மாதிரியே இல்லம்மா, அவ்ளோ லேசா இருக்கு. இன்னும் கொஞ்சம் வையி."

நெய்யில் மிச்சமானதை மூன்றாவது தட்டு சோறு சாப்பிட்டுவிடுகிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவர் சாப்பிடும் அழகில் லயித்து நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் ரொனால்ட் யோசனையாக வந்தார்.

"பஸ்ஸுல என்னமோ புதுப் பழக்கம் டொரத்தி. ஏர்கான் ஓடும்போதே எல்லாரும் ஜன்னலத் தொறக்கிறானுங்க. மழை உள்ள அடிக்குது, மூட மாட்டேங்கிறானுங்க."

"ஏங்க?"

"யாருக்குத் தெரியும்? என் சீட்டுக்குப் பின்னாடிதான் வீரமுத்து எப்பவும் உக்காருவான். இப்ப கடைசி சீட்டுக்குப் போயிட்டான். அங்கேயும் மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கான்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"எனக்கென்ன, வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்கு. அதுக்கும் அவனுங்களுக்கும் என்னா சம்பந்தம்?"

டொரத்தி பொடியைப் பாதியாகக் குறைத்தாள். சோறு மணலாக உதிர்ந்தது. அதை இளக்க ஓட்ஸ் கஞ்சியை ஊற்றினாள். சோறு களியானது. ஆட்டுக்கறியில் கொழுப்பை எல்லாம் வெட்டி எறிந்தபோது கறி ரப்பர் பட்டை போலாயிற்று. அதற்குத் துணையாகக் காளானைப் போட்டாள். காளான் விட்ட தண்ணீரில் கறி நீச்சலடித்தது. கேக்கில் வெண்ணெய்க்குப் பதிலாக மசித்த வாழைப்பழம் சேர்த்தாள். அது மட்டும் கேக் போலவும் வாழைப்பழம் போலவும் மாறி மாறித் தோன்றி அவளை மயக்கியது.

சந்தேகத்துக்குப் பக்கத்து வீட்டு ராசம்மாவுக்கு ஒரு கிண்ணம் சோறும் கறியும் கொடுத்தாள். ராசம்மா வெகுநேரம் மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு டொரத்தி. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது குடுப்பாங்களே, அதே மாதிரி."

டொரத்தியின் முகம் வாடிவிட்டது. சாயங்காலம் ரொனால்டிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தக்கா வெத்தலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப் போயி கெடக்கு. நாக்கு செத்தவங்ககிட்ட போயி ருசி கேட்பியா நீ?"

அதுவும் சரிதான் என்று டொரத்திக்கு மனசு லேசாகியது. மரியநாதனுக்கு மட்டும் தனிச் சட்டி என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். இப்போது எதற்குத் தனிச் சட்டி? ரொனால்டே கண்ணை மூடுகிறார். வருகிற எல்லாருக்கும் இதையே சமைத்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்தே தூறல். வாசலில் போட்ட கூடாரத்தின் மேல் மழை தாளம் போட்டது. பாதர் மோதிரங்களை மந்திரித்துவிட்டு, இன்னொரு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் அதிர்ஷ்டசாலி.

பந்தி உட்கார்ந்தது. ஆவி எழும்பிய சோற்றைக் கரண்டி கரண்டியாக வைத்துக்கொண்டே டொரத்தி மிதந்தாள். மரியநாதன் முதல் வாயிலேயே கண்ணை மூடுவார், தங்காக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி "சம்பந்தி!" என்று கூப்பிடுவார், அவள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்காது.

மரியநாதன் ஒரு வாய் வைத்தார். கண் மூடவில்லை. பெரிதாகத் திறந்தது.

யாரோ ஊறுகாய் கேட்டார்கள். ஊறுகாய் பாட்டில் கைக்குக் கை மாறி, மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, காலியாகத் திரும்பி வந்தது. ஷர்மைன் ஒரு கவளம் விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் டொரத்தி தரைக்கு வந்து விழுந்தாள்.

"அங்கிள், ஒங்களுக்காகத்தான் மம்மி நெய்யே போடாம பண்ணாங்க" என்றாள் ஷர்மைன் அவசரமாக.

"எனக்காகவா?" மரியநாதன் தண்ணீர் குடித்தார். அவர் குரல் முதல் முறையாகச் சின்னதாக வந்தது. "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பைபாஸ் பண்ணது நெஞ்சுல. நாக்குல இல்ல. என்னைக்காச்சும் ஒரு நாளு கொஞ்சம் நெய்ச்சோறு சாப்பிடலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அந்த ஒரு நாள நான் இன்னிக்குன்னு சேத்து வச்சிக்கிட்டு வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மரியநாதனும் சிரித்தார். டொரத்திக்குக் காது சுட்டது. ரொனால்ட் மட்டும் தலை நிமிராமல் இரண்டாவது தட்டில் இருந்தார்.

"அடடா, நெய் மணக்குது பாருங்க சம்பந்தி!" என்றார் சத்தமாக.

டொரத்தியால் தாங்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அவள் குரல் எழுந்தது.

"இவருதாங்க தினமும் ருசி பாத்தாரு! நான் சந்தேகப்பட்டு ஒவ்வொரு நாளும் கேட்டேன். அருமை, அருமைன்னு சொன்னாரு. அவரு சொன்னத நம்பித்தானே எல்லாருக்கும் பண்ணேன்!"

ரொனால்டின் கை பாதி வழியில் நின்றது.

கடைசி மேசையிலிருந்து வீரமுத்து எட்டிப் பார்த்தான்.

"போயும் போயும் அவன்கிட்டயா கேட்டீங்க அண்ணி? கோவிட்டுல படுத்து எந்திரிச்சதிலேருந்து அவனுக்குத்தான் ருசியும் தெரியாது, வாசமும் தெரியாதே! பழைய ருசிய ஞாபகம் வச்சித்தான் எம் பொண்டாட்டி சமையலச் சாப்பிடறேன், இன்னும் அலுக்கலன்னு பஸ்ஸுல தினமும் சொல்லுவான். ஒங்ககிட்ட சொல்லலயா?"

டொரத்தி ரொனால்டின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு உள்ளே போனாள்.