கசடில்லாமல் கரைந்த கெஸ்ட் ஹவுஸ்

மரக்காணம்,
15.9.2005

மதிப்பிற்குரிய மச்சான் பச்சமுத்து அவர்களுக்கு,

உப்பு வியாபாரம் தனக்கோடி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை சாமுண்டீஸ்வரியும் மூன்று லாரிகளும் சுகம். மஸ்கட்டில் நீங்களும், பிள்ளை பெற்ற மகளும், பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க உங்கள் தங்கை வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறாள். எண்ணெய்ச் செலவைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். மெயில் போடலாமே என்றால், அது ஏன் முடியாது என்பது கீழே வருகிறது. தவிர, கடிதம் உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாள் எனக்கு அவசியம் தேவைப்படுகிறது.

கொச்சியில் கருவாட்டுக்கு உப்பு எடுக்கிற ஒரு பார்ட்டி, "வெப்சைட் இருக்கா?" என்று கேட்டதும், உங்கள் பெரிய முதலியார்சாவடி கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் வைத்துக் கொடுத்த புதுச்சேரி முபாரக்கிடமே போகச் சொன்னீர்கள். போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கண்ட்ரோல் பேனல் வேணும்ணே?" வெப்சைட் குடியிருக்கிற இடத்துக்கு அது சாவிக்கொத்து மாதிரியாம். பக்கம் ஏற்றுவது, மெயில் பெட்டி திறப்பது, வேண்டாததை அழிப்பது எல்லாவற்றுக்கும் அதற்குள் பொத்தான் இருக்கிறதாம். "எது நல்லது?" என்றேன். "எல்லாமே நல்லதுதாண்ணே" என்றார். உப்பளத்தில் இப்படிச் சொல்பவனிடம் நான் ஒரு மூட்டை எடுக்க மாட்டேன். நம் தொழிலில் வாய்ச்சொல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்பாரத்தில் ஒரு கைப்பிடி எடுப்பேன், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவேன், கலக்குவேன். அடியில் கசடு தங்கினால் சரக்கு வேண்டாம். ஒன்றுமே தங்காமல் கரைந்தால் லாரியைக் கொண்டுவரச் சொல்வேன். தலையில் மூட்டை சுமந்தவன் லாரி வாங்கியது அந்த டம்ளரால்தான்.

ஆகவே பேனலையும் கரைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முபாரக் இரண்டு பேனல்களைத் திறந்து வைத்து, "இதெல்லாம் டெமோதாண்ணே, எத வேணா அழிச்சிப் பாருங்க, ஒரு மணி நேரத்துல தானா பழையபடி வந்துடும்" என்று சொல்லிவிட்டு சாயங்கால அஸர் தொழுகைக்கும், அப்படியே ஒரு வெளிவேலைக்கும் கிளம்பினார். நீல நிறப் பேனலில் இருந்ததையெல்லாம் அழித்தேன். பச்சை நிறத்திலும் அழித்தேன். டீ குடித்து, பேப்பர் படித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அழித்த பிறகும் அடியில் தங்குகிறது என்றால் அதற்கு நம் ஊரில் என்ன பேர்? கசடு. இரண்டையும் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் சட்டைப்பையில் இருந்த உங்கள் சீட்டு ஞாபகம் வந்தது. மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது உங்கள் கையாலேயே எழுதி, "மாப்ள, என் பேனலு இதான், உள்ள போயி நல்லா பாத்துட்டு எடுங்க" என்று யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்தீர்களே, அந்தச் சீட்டு. நீங்கள் கொடுத்ததை நான் சாம்பிள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சாம்பிளை யாரும் திருப்பிக் கேட்கிற வழக்கம் நம் தொழிலில் இல்லை. உள்ளே போனேன். படங்களை அழித்தேன், பக்கங்களை அழித்தேன், மெயில் பெட்டியை அழித்தேன். ஒவ்வொரு தடவையும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. எத்தனையோ வருஷமாகச் சரக்கு எடுக்கிறேன், ஒருத்தரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. மனம் குளிர்ந்து "ஆமாம்" அமுக்கினேன்.

இன்னொரு டீ குடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் திரும்ப வரவில்லை. ஒரு துளி கசடு இல்லை மச்சான்! இதுதான் சரக்கு என்று நான் எழுந்து நிற்கவும் முபாரக் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"எங்கண்ணே அழிச்சீங்க?"

"பச்சமுத்துதுல."

மனுஷன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அது டெமோ இல்லண்ணே. அது நெசம்." பேக்கப் என்று தனியே நகல் எடுத்து வைக்கிற ஒன்று உண்டாம், அதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டுமாம், நீங்கள் போடவில்லையாம். குற்றம் யார் பக்கம் என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

மறுநாள் காலை உங்கள் கெஸ்ட் ஹவுஸ் பார்த்துக்கொள்கிற ஜான்சி போன் செய்தது. "அய்யா, டிசம்பருக்கு ஒன்பது பேரு புக் பண்ணியிருக்காங்க, பேரு தேதியெல்லாம் மெயில்லதான் இருக்குது. மெயிலே தொறக்க மாட்டேங்குது." போன டிசம்பரில் சுனாமி வந்து ஒரு ரூம் விடாமல் காலியானதும், இந்த டிசம்பரை நம்பித்தான் நீங்கள் சுவரெடுத்துக் கட்டினீர்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவன் நான் இல்லை. "ஒண்ணாந் தேதியிலேர்ந்து ஆறு ரூமையும் ரெடியா வையி, பை மாட்டிக்கிட்டு வர்ற வெள்ளக்காரங்கள கூப்பிட்டு உக்கார வெச்சிடு" என்று சொன்னேன். அதற்கு அது, "ஏங்கய்யா, ஆரோவில் பக்கத்துல பை மாட்டாத வெள்ளக்காரங்கள எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்கிறது. வாய் அதிகம். சம்பளம் கொடுப்பது நீங்கள் என்பதால் போனை வைத்தேன்.

உங்கள் தங்கைக்கும் தெரிந்துவிட்டது. "எங்கண்ணன் பொழப்ப டம்ளர்ல போட்டுக் கலக்கிட்டு வந்துட்டியேய்யா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அன்றிலிருந்து சாம்பாரில் உப்பு போடுவதில்லை. உப்பு வியாபாரி வீட்டில் மூன்று நாளாக உப்பில்லாத சாம்பார்; வெளியே சொல்ல முடியுமா?

ஆகையால் நான் தெரிவிப்பது என்னவென்றால், உங்கள் தேர்வு அருமையான தேர்வு. உங்கள் பேனலையே நானும் எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். டிசம்பரில் நானே ரோட்டில் நின்று உங்கள் ஒன்பது பேரையும் பிடித்துத் தருவேன். மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேரன் கைக்கு எட்டும் இடத்தில் எந்தப் பொத்தானும் வைக்க வேண்டாம். வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
தனக்கோடி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் முபாரக் போன் செய்தார். நான் அழித்ததற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வெப்சைட் குடியிருக்கிற மெஷினை மாற்றினார்களாம். பழைய மெஷினில் உங்கள் கெஸ்ட் ஹவுஸ் அப்படியே இருந்ததாம். படம், பக்கம், மெயில், ஒன்பது பேர் எல்லாம் திரும்ப வந்தாகிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்துகொள்ளவும். உங்கள் பேனலிலும் கசடு இருக்கிறது, எனக்கு வேண்டாம். முபாரக் உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். புதியதை உங்கள் தங்கையிடம் மட்டும்தான் சொல்வாராம். மத்தியானச் சாம்பாரில் உப்பு இருந்தது. கொஞ்சம் தூக்கலாகவே.