கைராசிக்காரரின் பச்சை மை

கைராசி என்றால் அப்படியொரு கைராசி! அவர் பெயர் முதலில் இருந்தால் கட்டுரை ஆய்விதழில் வந்துவிடும். இல்லையென்றால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். மருத்துவக் கல்லூரி முழுக்க இதுதான் பேச்சு.

அதனால் அந்தப் பேராசிரியரின் அறை வாசலில் விடிந்ததும் கூட்டம். கையில் கட்டுரை, முகத்தில் பக்தி. ஜோசியம் பார்ப்பவர்களைக் கண்டால் வயிறு குலுங்கச் சிரிக்கும் விஞ்ஞானிகள்தான் அத்தனை பேரும்! கைராசிக்காரர் கண்ணை மூடித் தலைப்பின் மேல் கையை வைப்பார். பிறகு பச்சை மைப் பேனாவால் தம் பெயரை முதல் இடத்தில் எழுதுவார். ராப்பகலாய் உழைத்தவர் பெயர் ஒரு படி இறங்கும். இறங்கியவருக்கோ புல்லரித்துப் போகும்.

மகப்பேறு வார்டில் ஒரு டாக்டர் இருந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பட்டம். கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை தலைசுற்றி விழவைக்கிறது என்று அவள் ஆராய்ந்து எழுதியிருந்தாள். அதே மாத்திரையை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்த பழைய கட்டுரையின் முதல் பெயர் யாருடையது? கைராசிக்காரருடையதுதான். அதை நம்பி வார்டே விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் அண்ணியும் விழுங்கினாள்; குளியலறையில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தப்பியதே பெரும்பாடு.

கட்டுரையைப் புரட்டாமலே முடிவை மட்டும் கேட்ட கைராசிக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“இதுல தோஷம் இருக்கும்மா.”

“என்ன தோஷம் சார்?”

“மயங்கி விழுந்தவங்கதான். அவங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டா தோஷம் போயிடும். என் பேரை முதல்ல போடு. மத்ததைக் கைராசி பார்த்துக்கும்.”

“விழுந்தவங்களை எடுத்துட்டா, யாருமே விழலைன்னுதானே சார் வரும்?”

“அதாம்மா ஆராய்ச்சி!”

கேட்டீர்களா? விழுந்த நோயாளியைத் தரையிலிருந்து தூக்குவது பழைய மருத்துவம். கணக்கிலிருந்தே தூக்குவது புது மருத்துவம்!

வக்கீலம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போய், ‘திருத்திய’ கட்டுரை என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். ‘முழுவதும் படித்தேன், ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு’ என்ற உறுதிமொழியின் கீழ், இதையும் புரட்டாமலே போட்ட பச்சை மைக் கையெழுத்து பளபளத்தது.

துறைக் கூட்டம் கூடியது. வக்கீலம்மா எழுந்தாள்.

“சார், இதழுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கத்தை உங்க வாயாலயே படிச்சுடுங்க. எங்களுக்கும் ராசி ஒட்டிக்கட்டும்.”

கைதட்டல். கைராசிக்காரர் கணீரென்று தொடங்கினார்.

“ஆய்வில் சேர்ந்த கர்ப்பிணிகளில் பாதிப் பேர் ஆண்கள். அவர்கள் அனைவருக்கும் சுகப்பிரசவம். இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் இதைப் படிக்கவே...”

சட்டென்று நிறுத்தினார். “இல்லை!” என்று பின்வரிசை முடித்துவைத்தது. சிரிப்பில் நாற்காலிகள் ஆடின.

துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ அந்த மாத்திரையைப் புகழ்ந்த பழைய கட்டுரை? அதையாவது படிச்சீங்களா?”

“அது... என் மாணவர் எழுதினது. தப்புன்னா அவரைத்தான் கேக்கணும்.”

“அந்தக் கட்டுரைக்கு நடந்த பாராட்டு விழாவுல மாலை மட்டும் உங்க கழுத்துலயா சார்?” என்றாள் வக்கீலம்மா. “எங்க அண்ணி விழுந்ததுக்கு அவர் பொறுப்பு, மாலைக்கு நீங்க பொறுப்பா? சரி, படிக்காததெல்லாம் எப்படி அச்சாச்சு? அந்த இதழை நடத்துறது யாரு?”

கைராசிக்காரர் கைக்குட்டையைத் தேடினார்.

“நம்ம... மச்சான்தான்.”

கைராசி இல்லை ஐயா, மச்சான் ராசி!

அன்றே மாத்திரையை நிறுத்தினார்கள். பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும்படி துறைத்தலைவர் எழுதினார். விழுந்தவர்களையும் சேர்த்த உண்மையான கட்டுரை, மச்சான் இல்லாத ஓர் இதழுக்குப் போனது. உழைத்தவர்கள் பெயர் மட்டும் அதில் இருந்தது.

அண்ணி வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “எல்லாரும் படிச்சவங்கதானேம்மா? ‘ஏன்’னு கேக்க ஒருத்தருக்குக்கூடவா தோணலை?”

மறுநாள் காலை துறைத்தலைவர் அறை வாசலில் கூட்டம். கையில் கட்டுரை, முகத்தில் பக்தி.

“சார், உங்க கை எப்படி? ராசியானதா?”

ஊரார் கையைப் பார்த்தே காலம் தள்ளும் கனவான்களே! உங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. ஒருமுறையாவது அதைப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கு மச்சான் தேவையில்லை.