பூஜை அறையில் கார் ஏறிய விவரம்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சந்திரசேகரன் அவர்கள் சமூகத்துக்கு, முனிகிருஷ்ணன் கைகூப்பி எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மா அன்னம்மாள் அவர்களும் வாணியம்பாடியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி முத்தம்மாவும், மகன் ரவியும், தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான சுனிதாவும் சௌக்கியம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் பேசும்போது நடுவே ஒரு வார்த்தையைச் சொருக எனக்கு இடம் கிடைப்பதில்லை. காகிதத்தில் அந்த வசதி இருக்கிறது.

தங்கள் காதுக்கு எட்டிய சேதி உண்மைதான். பூஜை அறையில் கார் ஏறியது. ஆனால் அப்போது பூஜை அறை வெறும் சுண்ணாம்புக் கோடாகத்தான் இருந்தது என்பதையும், காரை ஓட்டியவன் நான் இல்லை என்பதையும், அந்த அறையை அந்த மூலையில் வைக்கச் சொன்னவரே தாங்கள்தான் என்பதையும் தங்களிடம் சொல்லாமல் விட்டது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ரவியும் சுனிதாவும் மாகடி ரோட்டில் தாவரகெரே தாண்டி வாங்கிய சைட்டை, அதாவது வீட்டு மனையைத் தாங்கள் போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் வாங்குகிற முப்பதுக்கு நாற்பது அடிதான். ரோடு தெற்கே. ரோட்டோரம் ஒரு பெரிய புங்கமரம், அதற்குத் துணையாக ஒரு கரண்டு கம்பம். மரம் சர்க்காருடையது, வெட்டக் கூடாது. கம்பமும் சர்க்காருடையது, நகராது. இரண்டும் சேர்ந்து முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு, தென்கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கார் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருக்கின்றன. எங்கள் எஞ்சினியர் டேரில், விவேக் நகர்க்காரர், பொறுமைசாலி. வீட்டை சைட்டில் எப்படி உட்கார வைப்பது என்று குடும்பமாகப் பேசி முடிவு பண்ணுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் இன்னும் கல்யாணம் ஆகாதவர். குடும்பமாகப் பேசுவது என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆயுள் முழுக்க பஸ் டிப்போவில் கன்ட்ரோலராக நின்றவன் நான். ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் ரிவர்ஸில் வருகிற பஸ்ஸை “பர்லி, பர்லி”, அதாவது வரட்டும் வரட்டும், என்று கூப்பிட்டு, சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது அதன் முதுகில் தட்டி நிறுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வீடு எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதில்லை, வண்டி திரும்பியாக வேண்டும். ஆகவே காருக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டால், மிச்ச இடத்தில் மனுஷர்கள் அனுசரித்துக்கொள்வார்கள் என்பது என் கட்சி. சுனிதா முன்பே லேப்டாப்பில் ஒரு பிளான் போட்டு எனக்குக் காட்டியிருந்தாள். சோபா, பூந்தொட்டி எல்லாம் தத்ரூபமாக இருந்தது. கார் எப்படித் திரும்பும் என்று அம்புக்குறி ஒன்றுகூட இல்லாததால் நான் அதை ஊன்றிப் பார்க்காமல், நன்றாக இருக்கிறது கண்ணு என்று சொல்லி மூடிவைத்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தங்கள் வாஸ்து புத்தகம் கூரியரில் வந்தது. சமையலறை தென்கிழக்கில், அக்னி மூலையில். பூஜை அறை வடகிழக்கில், ஈசானி மூலையில். வாகனம் வடமேற்கில், வாயு மூலையில். மூன்றுக்கும் தாங்கள் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தீர்கள். பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாது. ரவியையும் டேரிலையும் அழைத்துக்கொண்டு சைட்டுக்குப் போய், புத்தகத்தை ஒரு கையிலும் சுண்ணாம்புப் பொடியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நானே கோடு போட்டேன். முதலில் வாயு மூலையில் காருக்கு ஒரு ஷெட். கார் அங்கே போய்ச் சேர வேண்டுமே. உள்ளே நுழைய இருக்கிற ஒரே வழி தென்கிழக்குச் சந்து, அதாவது தங்கள் சமையலறை. சமையலறைக்குள் நுழைந்து, கிழக்குச் சுவர் ஓரமாகவே வடக்கே போய், ஈசானி மூலையில் பூஜை அறைக்குள் இடது கைப்பக்கம் திரும்பி, பின்பக்கமாக மேற்கே போனால் ஷெட். பாதைக்கு நான் கோடு போட்டு முடித்தபோது சமையலறையும் பூஜை அறையும் ரோடாகிவிட்டிருந்தன. வீட்டுக்கு என்று மிஞ்சியது கம்பத்தடியில் ஒரு துண்டு. தங்கள் புத்தகப்படி சரியான மூலையில் இருந்தது கார் ஒன்றுதான்.

ரவியை என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அப்பா சொல்வதும் சரி, மாமா சொல்வதும் சரி என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளுகிறான். டேரில் மட்டும், கார் பின்னால் போய்விடும் சார், ஆனால் வெளியே வர ரிவர்ஸில்தான் வர வேண்டும், பூஜை அறையில் வளைவது கஷ்டம் என்று தலையைச் சொறிந்தார். ரிவர்ஸ் என்ற வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை பார்த்துவிடுவது என்று ஏற்பாடு செய்தேன். ரவியின் ஆபீஸ் நண்பன் சுதீரை அவனுடைய காரோடு வரவழைத்தேன். நீங்களும் வந்து பாருங்கள் என்று முத்தம்மாவையும் சுனிதாவையும் அழைத்துப் போனேன். பாவம் சுதீர், நல்ல நாளில் வீட்டில் படுத்திருக்க வேண்டிய பிள்ளை.

உள்ளே போனதெல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கார் சமையலறை வழியாகப் புகுந்து, பூஜை அறையில் திரும்பி, ஷெட்டுக்குள் கோடு அழியாமல் நின்றது. எனக்கு டிப்போ ஞாபகம் வந்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு நான் பின்னால் போய் நின்றுகொண்டு “பர்லி, பர்லி” என்றேன். சுதீர் வந்தான். முதல் நாள் மழை பெய்திருந்ததும், சைட்டை உயர்த்தக் கொட்டிய மண் இன்னும் இறுகவில்லை என்பதும் பஸ் நிற்கிற காங்கிரீட் தரையிலேயே பழகிய எனக்குத் தோன்றவில்லை. சரியாக ஈசானி மூலையில் பின் சக்கரங்கள் இரண்டும் உள்ளே இறங்கிவிட்டன. முறுக்க முறுக்கச் சேறு எழும்பி என் வேட்டியிலும் டேரில் கையிலிருந்த பிளானிலும் அபிஷேகம் ஆயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் காரைச் சுற்றிக் கைகட்டி நின்றோம். எதிர் வீட்டு மமதா அம்மா இதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, புதுக் காருக்குப் பூஜை நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, தட்டில் நான்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இது பூஜை இல்லை, புதைந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அவர் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. “ஹோகலி விடுங்க சார், சக்கரத்துக்கு ஒண்ணு வெச்சுப் பாப்போம்” என்று தானே குனிந்து வைத்தார். பக்கத்துத் தெருவில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த டிராக்டர் வந்து காரை இழுத்தபோது எலுமிச்சம்பழம் நசுங்கியதால் நகர்ந்ததா, டிராக்டர் இழுத்ததால் நகர்ந்ததா என்பதில் இன்றுவரை அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பூஜை அறையில் கார் ஏறிய விவரம் இவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். சுதீர் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது டேரில் மெதுவாக என்னிடம் வந்து, பெங்களூரில் இப்போது முக்கால்வாசிப் பேர் செய்கிறபடி வீட்டையே தூண் மேல் தூக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். கீழே முழுக்கக் கார் நிறுத்த. மேலே வீடு. மாடியில் எந்த மூலையில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், சம்பந்தி சாரின் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உடனே பழைய கோடுகளையெல்லாம் காலால் அழித்துவிட்டு, ஒரு கார் வந்து, ஒய்யாரமாக வட்டம் போட்டு, முகம் ரோட்டைப் பார்த்து நிற்கிற மாதிரி கீழ்த்தளம் முழுவதும் கோடு இழுத்தேன். விருந்தாளி வந்தால் அவர்கள் காருக்கும் இடம் விட்டேன். சுனிதா, “எனக்கு ஒரு சந்தேகம் மாமா” என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். சந்தேகத்தையெல்லாம் கடைசியில் கேட்கலாம் கண்ணு என்று அடக்கிவிட்டேன்.

முத்தம்மா இவ்வளவு நேரமும் அடுக்கி வைத்திருந்த சிமெண்டுக் கல் மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்களுக்கே தெரியும், ஒரு வருஷமாக அவளுக்கு இரண்டு முட்டியும் தகராறு. இப்போது இருக்கிற வாடகை வீடும் மாடிதான், ஒரு தடவை கீழே இறங்கினால் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் முடித்துக்கொண்டுதான் மேலே ஏறுவாள். அவள் எழுந்து வந்து, நான் போட்ட கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, இந்தக் கார் யாருது என்று கேட்டாள். எனக்குக் கேள்வி புரியவில்லை. சுதீர் தன்னைக் கேட்கிறாள் என்று நினைத்து, என்னுதுதான் ஆன்ட்டி, நான் கிளம்பிடுவேன் என்றான். அவனை இல்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள்.

“நம்மகிட்ட காரே கெடையாதுங்க. இல்லாத காரு கீழ சொகமா நிக்கும், இருக்கற நான் படி ஏறி ஏறி எறங்கணுமா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை சம்பந்தி. காய்கறிக்காரரிடம் எடை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். டேரில் பிளானைச் சுருட்ட ஆரம்பித்தார். ரவி, “அம்மா சொல்வதும் சரி” என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ரவிக்கு ஒரு ஸ்கூட்டர், சுனிதாவுக்கு ஒரு ஸ்கூட்டர், எனக்கு சீனியர் சிட்டிசன் பஸ் பாஸ், இதுதான் எங்கள் வாகனப் படை. சுனிதா அப்போதுதான் தன் சந்தேகத்தைச் சொன்னாள். “அத்தைக்குத்தான் மாமா கீழ ரூம் போட்டிருந்தேன். பாத்ரூம் ஒட்டினாப்புல. நீங்க பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே” என்றாள். தங்கள் பெண்ணைத் தாங்கள் வளர்த்த விதத்தை நான் எப்போதுமே மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு மெச்சாமல், நான் போட்டிருந்த வட்டத்தைக் காலால் அழிக்க ஆரம்பித்தேன்.

பிறகு கோட்டை நான் போடவில்லை. முத்தம்மாவை நடக்கச் சொன்னேன். படுக்கையிலிருந்து எழுந்தால் எத்தனை தூரத்தில் பாத்ரூம் வேண்டும் என்று நடந்து காட்டினாள். அங்கிருந்து அடுப்புக்கு நடந்தாள். காலையில் வெயில் விழுகிற இடத்தில் நின்று, இங்கே ஜன்னல் என்றாள். அவள் நடந்த வழியை ஒட்டியே நான் பின்னால் குனிந்து சுண்ணாம்பு தூவிக்கொண்டு போனேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறது, ஈசானி மூலை காலியாகச் சாமிக்குக் காத்திருக்கிறது. காரை மட்டும் நீக்கிய உடனே தங்கள் புத்தகம் முழுக்கப் பொருந்திவிட்டது. தங்களைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. புத்தகத்தில் வாகனம் பற்றிய அந்தப் பக்கத்தை மட்டும் தாங்கள் சிவப்பு மை போடாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே இதனால் தெரிவித்துக்கொள்வது: வீடு தரைத்தளத்தில். அதில் முன் அறை முத்தம்மாவுக்கும் எனக்கும், பின் அறை வருகிற விருந்தாளிகளுக்கு, அதாவது தங்களுக்கு. மாடியில் பிள்ளைகள். கார் ஷெட் கிடையாது. எந்த மூலையிலும் கிடையாது. இது எங்கள் குடும்பத்தின் இறுதி முடிவு. டேரில் இதன்படி பிளான் வரைந்து முடித்துவிட்டார், இதற்குமேல் மாற்றினால் தான் ஊரை விட்டுப் போய்விடுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு கண்ணில் இல்லை. எனவே தாங்கள் போன் செய்து புது யோசனை எதுவும் சொல்லாமல், வருகிற மாதம் பூமி பூஜைக்கு இருவரும் அவசியம் வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும். ரயிலில் வாருங்கள். சிட்டி ஸ்டேஷனில் ஒக்கலிபுரம் பக்க வாசலில் நான் நிற்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு முத்தம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். தங்கள் இல்லத்தின் எட்டுத் திசையும் நிறைந்து, வாசல் எந்தப் பக்கம் பார்த்தாலும் நல்லதே நுழையட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பை என்றும் மறவாத
முனிகிருஷ்ணன்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் முத்தம்மாவும் சுனிதாவும் வெளியே போய்விட்டு வந்தார்கள். கோயிலுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இருவரும் ஒரு வாரமாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்களாம். ஆட்டோக்காரர்களிடம் இனிமேல் கெஞ்ச முடியாது என்று முத்தம்மா சொல்கிறாள். கியர் இல்லாத கார், தவிட்டு நிறம், அத்தையும் மருமகளும் சேர்ந்து புக் பண்ணியாகிவிட்டது. எங்கே நிறுத்துவாய், புங்கமரத்தடியிலா என்று முத்தம்மாவைக் கேட்டேன். காக்கா எச்சம் விழும் என்றாள். விருந்தாளி அறையைக் காருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சம்பந்தி எங்கே படுப்பார், அதைத் தொடக் கூடாது என்றாள். “கீழ அந்த முன் ரூம்ல எனக்கும் காருக்கும் எடம் போதும். நீங்க பசங்களோட மேல படுத்துக்கங்க, தெம்பாத்தான இருக்கீங்க” என்று முடித்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதில் சம்பந்தியம்மாவுக்குச் சொன்ன அன்பைத் தவிர மற்றதைத் தாங்கள் படிக்காததாகக் கொள்ளவும். டேரில் நாளைக் காலையில் வருகிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்த யோசனை என்று தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளட்டுமா?