எடுத்தால் பஸ் பறக்கும்

யாராவது கம்பீரமாகத் "தொழில் ரகசியம்" என்று சொன்னால் நான் நம்புவதில்லை. உள்ளே ஏதோ அசிங்கம் கிடக்கிறது, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அனுபவத்தில் சொல்கிறேன். என்னிடமும் அப்படி ஒரு தொழில் ரகசியம் இருந்தது. கொடைக்கானலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பஜார் வியாபாரிகள் அத்தனை பேர் முன்னாலும், ஆளுயரத்துக்கு மேலான திரையில் அது வெளியானது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை. அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற கடை. கல்லூரி முடித்த வருஷம் 'கொண்டை ஊசி' என்று ஒரு செல்போன் விளையாட்டு செய்திருந்தேன். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வளைவில் காட்டுமாடு வழிமறிக்கும், பனி இறங்கும், பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுப்பார் (எலுமிச்சம்பழம் கொடுத்தால் கூடுதல் புள்ளி). கண்டக்டர் கத்திக்கொண்டே வருவார். இந்த மலையில் அந்த விளையாட்டு நன்றாகவே ஓடியது. பஸ் ஸ்டாண்டில் நிஜ டிரைவர்களே டீ குடித்துக்கொண்டு என் பஸ்ஸை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு புதுப் போன்கள் வந்தன. அவற்றில் 'கொண்டை ஊசி' ஏறவே மறுத்தது. சரிசெய்ய எனக்கு நேரம் இல்லை. (நேரம் இருந்த நாட்களில் தெம்பு இல்லை. இரண்டும் இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை மாமா மகள் கல்யாணம்.) பழைய போன் உடைய உடைய, ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் போனால் என் பஸ்ஸை ஓட்ட ஒரு ஆள் இருக்காது.

அந்த நேரத்தில்தான் 'கவுஞ்சி கிங்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள சார், உங்க கேம் உள்ள இருக்கிற சோர்ஸ் கோடு குடுத்தீங்கன்னா புதுப் போன்ல ஓட வெச்சிருவோம். அப்படியே கவுஞ்சி வரைக்கும் ரோடும் போட்டுக்கிறோம்." கவுஞ்சி, எங்கள் ஊரையும் தாண்டி உள்ளே இருக்கிற மலைக்கிராமம். விளையாட்டு எப்படி ஓட வேண்டும் என்று நாம் எழுதிவைக்கிற வரிகள்தான் சோர்ஸ் கோடு. இன்னொருவர் செய்த விளையாட்டை எடுத்து, அதில் தங்கள் ஊரையும் வண்டியையும் சேர்த்து மாற்றுகிறவர்களை மாடர் என்பார்கள். இந்த கிங்கும் அப்படி ஒரு ஆள், காலேஜில் படிக்கிற, மூக்குக் கண்ணாடி போட்ட பையன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "அன்புள்ள தம்பி, சோர்ஸ் கோடு என்பது ஒரு படைப்பாளியின் ஆன்மா. அதைக் கேட்பது முறையல்ல" என்று பதில் போட்டேன். ஆன்மாவாம்! இப்போது நினைத்தாலும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கிங் விடவில்லை. மொத்தம் பதினோரு மின்னஞ்சல். பதினொன்றுக்கும் ஆன்மாவைத்தான் அனுப்பினேன்.

உண்மைக் காரணம் வேறு. விருந்தாளி வந்தால் கூடத்தைப் பளிச்சென்று வைத்துவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்துகிறோம் அல்லவா, என் விளையாட்டின் அடுப்படி அப்படிக் கிடந்தது. கோடு எழுதும்போது நடுநடுவே நமக்கு நாமே குறிப்பு எழுதிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. நானும் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் என்னென்னமோ எழுதியிருந்தேன்.

விஷயம் அத்தா காதுக்குப் போனது. அவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர். சங்க ஆண்டு விழாவில் வருஷா வருஷம் ஒரு பட்டிமன்றம் உண்டு. வருஷா வருஷம் ஒரே தலைப்பு: குடும்பம் சிறக்கக் காரணம் கணவனா, மனைவியா. (வருஷா வருஷம் மனைவிதான் ஜெயிப்பார். நடுவரும் வீட்டுக்குப் போக வேண்டுமே.)

"இந்த வருசம் புதுசாப் போடுவோம்மா" என்றார் அத்தா. "கேம் செஞ்சவங்க சோர்ஸ் கோடைக் குடுக்கலாமா, கூடாதா. கூடாதுன்னு நீ பேசு. குடுக்கலாம்னு பேச ஆள் வேணும்னு நோட்டீஸ்ல போட்டுருவோம்."

"அத்தா, இதெல்லாம் பஜார்ல யாருக்குப் புரியும்?"

"சாக்லேட் செய்முறையை வெளிய சொல்லலாமா கூடாதான்னு கேட்டா ஒவ்வொருத்தனும் ஒரு மணி நேரம் பேசுவான். அதே சோலிதானே இது?"

நோட்டீஸ் ஒட்டியாயிற்று. எதிரணிக்கு ஒரே ஒரு பெயர் வந்தது: மல்லிகா, கவுஞ்சி. யாரோ டீச்சராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கவுஞ்சி என்ற பெயரைப் பார்த்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

விழாவுக்கு முந்தின நாள் திடீரென்று ஒரு பயம். மேடையில் யாராவது, "எங்கே, அந்தக் கோடைக் காட்டும்மா" என்று கேட்டுவிட்டால்? உட்கார்ந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு குரங்கு. ஏழாவது வளைவில் பாலத்துக்கு அடியில் அதை ஏன் உட்கார வைத்தேன் என்று ஞாபகமே இல்லை. பக்கத்தில் என் குறிப்பு: "இது எதுக்குன்னு தெரியல. எடுத்தா பஸ் பறக்குது. எடுக்காதே." ஐந்து வருஷ அனுபவம் வந்துவிட்ட எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. குரங்கை அதன் குறிப்போடு சேர்த்துத் தூக்கினேன். மூன்று வளைவு ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. அதற்குள் மட்டன் குழம்பு மணந்துவிட்டது. மற்ற குறிப்புகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் அத்தா, அவர் பக்கத்தில் சங்கத் தலைவர். நடுவர், பாலசமுத்திரத்தில் இருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதிரணி நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலடியில் ஒரு பை நிறையப் பூண்டு. அவரைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகைத்தேன். பாவம், இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு புன்னகை.

முதலில் நான் பேசினேன். கோடைக் கொடுத்தால் கண்டவர்கள் காப்பியடித்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள், ஏமாற்றி ஜெயிக்க வழி கண்டுபிடிப்பார்கள், படைப்பு சிதையும் என்று அடுக்கினேன். "ஒவ்வொரு வரியும் உளியால் செதுக்கியது! அதில் ஒரு புள்ளியைத் தொட இன்னொருவர் கைக்கு உரிமை இல்லை!" என்று முழங்கிவிட்டு, செதுக்கியதைக் காட்டுவதற்காக மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்து பஸ்ஸை ஓட்டினேன்.

ஆறு வளைவு வரை கைத்தட்டல். ஏழாவதில் பஸ் லேசாகத் தும்மியது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பயணிகளோடும் வாந்தி எடுப்பவரோடும் மேலே கிளம்பியது. மேகம் வந்தது. மேகத்தையும் தாண்டியது. "எல்லாம் உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று கண்டக்டர் ஆகாயத்தில் கத்திக்கொண்டே இருந்தார்.

மண்டபம் குலுங்கியது. பஸ்ஸை இறக்குகிற அவசரத்தில், திரை இணைப்பை எடுக்காமலே, கோடைத் திறந்துவிட்டேன். என் அடுப்படி அப்படியே திரையில் விரிந்தது.

அதை என் உரையின் அடுத்த பகுதி என்று நினைத்துக்கொண்டார் நடுவர். ஒலிவாங்கியை வாங்கி, செய்யுள் படிக்கிற ராகத்தில் நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தார்.

"இந்த இடத்தில்... அத்தா டீ கொண்டுவந்து... யோசனையைக் கெடுத்துவிட்டார். நாளைக்குச் சரிசெய்யணும்." (சரிசெய்யவே இல்லை.)

"காட்டுமாட்டின் நடை... நம்ம சங்கத் தலைவர் நடந்துவருவதைப் பார்த்து வைத்தது."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எழுத்து இன்னும் பெரிதானது.

"கண்டக்டர் சத்தம்... அத்தா கடையில் கத்துவதை ஒளிந்திருந்து பதிவு செய்தது. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அந்த விளையாட்டு வந்த நாளிலிருந்து, "கண்டக்டர் மட்டும் மரியாதை தெரியாத பயலா இருக்கான்மா, அவனை மாத்து" என்று சொல்லிவந்தவர் அத்தா. அவர் மெதுவாக எழுந்தார். இன்றோடு கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன்.

"அது நானா?" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏய், அந்தக் கண்டக்டர் நாந்தாம்ப்பா!"

அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில் எதிரணி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏங்க, ஏழாவது வளைவுல பாலத்துக்கு அடியில ஒரு கொரங்கு ஒக்காந்திருக்குமே, அதைய எங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பனி விலகும்போது தலை தெரியும்ல. பாலத்தையே அதுதான் தாங்குதுன்னு நெனைக்கிறேன். வெரசா திரும்ப வைங்க, பாவம், வாந்தி எடுக்கிறவரு மேல போய்க்கிட்டே இருக்காரு."

பழைய பிரதியிலிருந்து குரங்கை அதன் குறிப்போடு கொண்டுவந்து வைத்தேன். பஸ் சமர்த்தாகத் தரையில் ஓடியது. ஐந்து வருஷமாக நானே கண்டுபிடிக்காத காரணத்தை அவர் ஆடி ஆடியே கண்டுபிடித்திருந்தார்.

"நாந்தாங்க கவுஞ்சி கிங்" என்றார் மல்லிகா அக்கா, தாழ்ந்த குரலில். "நீங்க என்னையத் தம்பின்னு எழுதுனீங்க. நான் உங்களைய சார்னு எழுதுனேன். சரியாப் போச்சு." போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கோடு எழுதக் கற்றுக்கொண்டவர்; பூண்டுக் காட்டு வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரமாம்.

அவர் மேடையில் பேசியது இரண்டே நிமிஷம். "பூம்பாறை, மன்னவனூர் தாண்டி இருக்கு எங்க ஊரு. இவங்க பஸ்ஸு கொடைக்கானலோட நின்னுருது. நெசத்துலதான் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கோம், வெளையாட்டுலயாவது எங்க ஊருக்கு அடிக்கடி வரட்டுமே. செஞ்சது அவங்கதான், பேரும் அவங்க பேரே இருக்கட்டும். ஆனா ஓடணும்ல? ஓடாத பஸ்ஸுக்கு ஓனரா இருந்து என்னங்க பண்றது?"

பதினோரு மின்னஞ்சலில் எனக்கு உறைக்காதது அந்த ஒரு கேள்வியில் உறைத்தது. நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது விளையாட்டை அல்ல, என் கௌரவத்தை. அதுவும் இப்போதுதான் மேகத்தைத் தாண்டிப் போயிருந்தது.

நடுவர் தீர்ப்பு சொன்னார்: "பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பதை நாம் அனைவரும் கண்டோம். எனவே தாராளமாகக் கொடுத்துவிடலாம்."

அடுத்த வாரம் கோடை அப்படியே வெளியிட்டேன். யாரும் தங்கள் பெயரில் விற்கக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை. ஒரு குறிப்பைக்கூட அழிக்கவில்லை. அழித்தால் என்ன பறக்குமோ! நான் பயந்தது நடக்காமலும் இல்லை. ஒரு புண்ணியவான் பெயரை மாற்றித் தன்னுடையது என்று விற்கப் பார்த்தார். ஆனால் உள்ளே அத்தா டீ கொண்டுவந்த குறிப்பை எடுக்க மறந்துவிட்டார். அதை வைத்தே பிடித்துவிட்டோம்.

இன்று 'கொண்டை ஊசி' எல்லாப் போனிலும் ஓடுகிறது. கவுஞ்சிக்கு அரைமணிக்கு ஒரு பஸ். ரோடே போகாத வெள்ளகவியில் இருந்து ஒருவர் தன் ஊரையும் சேர்த்தார். அங்கே கண்டக்டர், "இதுக்கு மேல நடந்து போ" என்று எல்லாரையும் இறக்கிவிடுவார். அந்தப் புதுக் குரலுக்காக மல்லிகா அக்கா அத்தாவை முறைப்படி அழைத்துப் பதிவு செய்தார். அத்தா வெள்ளனே எழுந்து, தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு போனார். சங்கத் தலைவரோ, வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் காட்டுமாட்டைப் போனில் காட்டாமல் விடுவதில்லை.

குரங்கு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. எத்தனையோ பேர் கோடைப் புரட்டிவிட்டார்கள், அது எப்படிப் பாலத்தைத் தாங்குகிறது என்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. என் பழைய குறிப்புக்குக் கீழே ஒரு புது வரி இருக்கிறது: "எனக்கும் தெரியல. எடுக்கவும் இல்ல. — மல்லிகா, கவுஞ்சி."

வீட்டில் அந்தக் குறிப்பு ஒரு பழமொழியாகவே நிரந்தரமாகிவிட்டது. ஆடுகிற பீரோவுக்கு அடியில் வைத்த அட்டையை நகர்த்தினால் அம்மா சொல்வார், "எடுக்காதே, பஸ் பறக்கும்." போன மாதம் பெங்களூரில் இருந்து எனக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. அத்தாவிடம் சொன்னேன். அவர் கல்லாவில் இருந்து நிமிராமல், "தாராளமாப் போம்மா" என்றார். பிறகு சாக்லேட் டப்பாக்களைக் காரணமில்லாமல் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆனா ஒண்ணு. நீ போய்ட்டா இந்தக் கடை பறக்குதா, இல்லையான்னு மொதல்ல ஏழு வளைவும் ஓட்டிப் பாத்துட்டுப் போ."